கீல் தகட்டில் இரண்டு ஜோடித் துளைகள்

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். முகம் கழுவுவேன். கேத்தலில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் சவரம் முடிந்துவிடும். பால் இல்லாமல் பிளேன்டி ஊற்றி வாசற்படியில் நின்று குடிப்பேன். மூட்டம் இருந்தால் எதிர்மலை தெரியாது. இல்லாவிட்டால் தெரியும். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். சட்டை, கோட்டு, தொப்பி. ஏழு மணிக்குத் தோட்டத்து ஆபீஸ் கதவைத் திறப்பேன். நான் அங்கே இரண்டாவது கிளாக்கர்.

இன்றைக்கும் அந்தக் கோட்டைத்தான் மாட்டினேன். ஆபீஸுக்குப் போகாமல் தலவாக்கலை பஸ்ஸில் ஏறி இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னார். தமிழில் எழுதினால் போதும், பைஸர் சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லிவிடுவார் என்றார். சார்ஜன்ட் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். சீனி கொஞ்சம் அதிகம். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை.

யாரும் என்னைத் தேடவில்லை. என்மேல் முறைப்பாடும் கிடையாது. நான் வந்ததற்குக் காரணம் மஃறூப் நானா. கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். என்னுடைய பழைய காரை அவர்தான் வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது, கடை வாசலில் காரின் டிக்கிக் கதவைக் கீழே மடித்துவிட்டு அதன்மேல் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. வண்டி சோக்கா ஓடுது, ஒரு சத்தம் இல்ல. ஆனா ஒண்டு கேக்கணும். இந்தக் கீல் தகட்டுல எதுக்கு ரெண்டு ஜோடி ஓட்ட? ஒரு ஜோடியில ஆணி இருக்கு. மத்தது சும்மா கெடக்கு."

"மொதல்ல தப்பாப் போட்டுட்டேன் நானா."

அவர் சிரித்தார். "அடிமட்டம் வச்சு அளக்கிற ஆளு நீங்களே தப்பா ஓட்ட போட்டா, நான் எங்கட வீட்டு மேசன்மார ஏசி என்ன பிரயோசனம்?"

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஒரு கிழமையாக அந்தச் சிரிப்பு என்னோடேயே இருக்கிறது. கல்லூரியில் தச்சுப் பட்டறையிலும் சரி, பிறகும் சரி, நான் தப்பான இடத்தில் துளை போட்டதில்லை. அந்த இரண்டு ஜோடியும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

கார் என் அப்பாவுடையது. அப்பா பெரிய கங்காணியாக இருந்தவர். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து அந்தக் கறுப்பு ஆஸ்டினை வாங்கினார். இப்போது வருகிற கார்களைப்போல அதன் டிக்கிக் கதவு மேலே தூக்குவதல்ல. அடியில் இரண்டு கீல். திறந்தால் கீழ்நோக்கி மடிந்து ஒரு பலகைபோல நிற்கும். பெரிய பெட்டிகளை அதன்மேல் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். அப்பா பெட்டியோடு நிறுத்தவில்லை. அரிசி மூட்டை ஏற்றினார். காமன் கூத்துக் காலத்தில் தப்புக்காரர்கள் இரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கீல் எவ்வளவுதான் தாங்கும்? ஆணி நடுவில் தேய்ந்து இடுப்பு வைத்துவிட்டது. துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அப்பா காலமாகி வண்டி என் கைக்கு வந்தபோது, டிக்கிக் கதவை அழுத்தி மூடினாலும் அடியில் விரல் போகும். ஓடும்போது தடதடவென்று ஆடும்.

ஐம்பத்தொன்பதில் எனக்குக் கல்யாணம். பெண் அம்மாக்கண்ணு, பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம். மாமனார் பொன்னையா அங்கே கணக்கப்பிள்ளை. கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு திம்புள்ளப் பக்கமாக எங்கள் தோட்டத்துக்கு வருகிறோம். நான் ஓட்டுகிறேன். அவள் பின்சீட்டில் என் அக்காவோடு இருந்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ஏங்க, கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே. பின்னால இன்னும் யாரு மேளம் அடிக்கிறது?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வெட்கம். அதற்குள் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. இரண்டு இடத்தில் இறக்கி முகம் கழுவ வைத்தோம். அக்காவும் வாந்தி எடுத்தாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைப்பாதையில் காரில் போகிற பெண்கள் வாந்தி எடுப்பார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றி, தலையோடு கம்பளியைப் போர்த்தி, கையில் ஒரு தேசிக்காயைக் கொடுத்து முகரச் சொல்வார்கள். வளைவுதான் காரணம் என்பார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியபோது, அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணி கறுத்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். கரி. டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் அடிப்பகுதி முழுக்கக் கரி. புகைக்குழாயின் வாய் அந்த இடைவெளிக்கு நேர் கீழே இருந்தது. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் வெறும் அட்டைதான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. வளைவு பாவம், அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.

கீலைச் சரி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். பழைய ஆணியைத் தட்டிக் கழற்றுவதே பெரிய பாடு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும். துளையை வட்டமாகும்வரை அரத்தால் பெரிதாக்கினேன். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி ஒன்று கழித்துப் போட்டிருந்தார்கள். அதன் தண்டிலிருந்து புது ஆணி கடைந்தேன். ஆணிக்கும் துளைக்கும் நடுவில் பித்தளைக் குழாய்த் துண்டு. தகட்டை வண்டியின் உடம்பில் பொருத்தும் இடத்தில் பழைய துளைகள் கிழிந்துபோயிருந்ததால் அவற்றை ஈயம் வைத்து அடைத்தேன். தகட்டில் புதிதாக அளந்து ஒரு ஜோடி போட்டேன். அதுதான் முதல் ஜோடி.

அம்மாக்கண்ணு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பாள். கேட்காததையும் கொடுப்பாள்.

"தாலி கட்டி மூணு மாசமாச்சு. என்னைய ஒரு நாளாவது இப்புடி உத்துப் பாத்திருக்கீங்களா?"

"நீ ஆடலையே."

"ஆடுனா ஆணி அடிச்சிருவீங்களாக்கும்."

கடைசியில் டிக்கி வாசலைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டிக் கதவை மூடினேன். பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே ஒரு மெழுகுவர்த்தி வைத்து மூடினால் வெளியே ஒரு கோடு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கதவே இப்புடி மூடாது, இதுக்குள்ளயே குடிபோயிரலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒருநாளும் தலை சுற்றவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நுவரெலியாவுக்குப் போவோம். குதிரைப் பந்தயத் திடல் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு அவித்த சோளம் வாங்கிச் சாப்பிடுவோம். போகும்போதும் வரும்போதும் அவள் பேசிக்கொண்டே வருவாள். எந்த வளைவில் எந்தத் தோட்டம், அங்கே யார் வீட்டில் யாரோடு சண்டை என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். நோட்டன் பிரிட்ஜுக்கு ஒருமுறை போனோம். அணைக்கட்டைப் பார்த்து, "இவ்வளவு தண்ணிய மறிச்சு வச்சு நம்ம ஆளுக குடியிருக்கிற லயத்துக்கு ஒரு பல்பு குடுக்க மனசு வரல பாருங்க" என்றாள். நான் அதிகம் பேசமாட்டேன். எனக்குப் பேச வேண்டிய தேவையும் இல்லாமல் இருந்தது. நல்ல காலம் அது. கார் நன்றாக ஓடியது.

அடுத்த வருஷம் மாமனார் இந்தியாவுக்குப் போக முடிவு செய்தார். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. "நான் பொறந்த ஆஸ்பத்திரியக் காட்டுன்னா, நான் பொறந்தது லயத்துல, லயத்தையா தூக்கிட்டுப் போயிக் காட்ட முடியும்?" என்று சொல்லிச் சிரித்தார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு துறையூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அம்மாக்கண்ணு ரயிலடியில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிட்டாள். அவள் அப்படித்தான்.

பிறகு அவள் உண்டானாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். அது எல்லாரும் செய்வது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாய்வீடு இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வளைகாப்பை முடித்துக்கொண்டு தலைமன்னார் போய்க் கப்பலேறுவதென்று அவளும் அவள் அம்மாவும் கடிதத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். துணைக்கு அவளுடைய தாய்மாமா ஆண்டியப்பன். தலவாக்கலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். வருஷத்துக்கு ஒருமுறை இந்தியா போய் வருகிறவர்.

எனக்கு அதில் ஒரு நியாயமான பயம் இருந்தது. எங்கள் மக்களில் ஊருக்கென்று போன எத்தனையோ பேர் திரும்பி வர முடியாமல் அந்தக் கரையில் மண்டபம் முகாமில் கிடந்தார்கள். இந்தப் பக்கம் விசா இல்லை என்பார்கள், அந்தப் பக்கம் நீ சிலோன்காரி என்பார்கள். கைக்குழந்தையோடு அவள் அங்கே மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அவளிடம் சொன்னேன்.

"இங்கேயே பெத்துக்கலாம். அக்கா வந்து பாத்துக்குவா."

"ஒங்க அக்கா கோழிக்கே பிரசவம் பாக்க மாட்டா."

"திரும்பி வர விடாம மறிச்சுட்டா?"

"மறிச்சா நீந்தி வந்துர்றேன். நாலு மாசந்தாங்க. அதுவரைக்கும் அந்தக் காரக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குங்க."

நான் அவளோடு சண்டை போடவில்லை. கை ஓங்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். நான் யோசித்தேன். அவள் ரயிலடிக்குப் போய்ச் சேரக்கூடாது. எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதுவரைக்கும் ஒன்றிரண்டு தடவை வழியிலேயே திரும்பிவிட்டால் போதும். அவளுக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் பழி இல்லை. மயக்கம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்தன்று வழியெல்லாம் சுருண்டு கிடந்தவள், வீட்டுக்கு வந்ததும் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீலைக் கழற்றினேன். அளந்து, தகட்டில் இன்னொரு ஜோடித் துளை போட்டேன். அதன்படி பொருத்தினால் டிக்கிக் கதவின் அடி, பழைய காலத்தில் எவ்வளவு விலகி நின்றதோ அவ்வளவு விலகி நிற்கும். அப்பா காலத்துக் கார்தான் திரும்பி வந்தது. ஒரே ஒரு வித்தியாசம், இந்தத் தடவை அது ஆடவில்லை. சத்தம் போடவில்லை. நல்ல வேலை என்றுதான் இப்போதும் சொல்வேன். அம்மாக்கண்ணு படியில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அதுதான் நல்லாத்தானே இருந்துச்சு, இன்னும் என்னா நோண்டுறீங்க?"

"தூரப் பயணம் போற. கெட்டியாப் பாத்து வைக்கிறேன்."

"பாருங்க, பாருங்க. என்னோட பெட்டி ரோட்டுல விழுந்து கெடக்கக் கூடாது."

முதல் தடவை ஆண்டியப்பன் மாமாவே வந்து கூட இருந்தார். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். வெற்றிலை போடுகிறவர். அதனால் அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டுவேன். அவள் பின்னால் தனியாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றது. மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள, நிப்பாட்டுங்க, புள்ள வெளுத்துப் போச்சு" என்றார். அந்தக் காரின் பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடி சும்மா சுற்றும். ஏற்றிய கண்ணாடியும் லேசில் இறங்காது. மாமா இறங்கிப்போய் வெளியிலிருந்து திறந்து அவளைத் தூக்கி ஒரு மதகில் உட்கார வைத்தார். வாந்தி எடுத்தாள். தேசிக்காய் கொடுத்தோம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளே சொன்னாள்.

மாமாவுக்குக் கோபம் ரோட்டுமேலேயும் வளைவுமேலேயும்தான். "இந்த ரோட்டப் போட்ட வெள்ளக்காரன் நேராப் போட்டிருக்கக் கூடாதா? பாம்புக்குப் பொறந்தவன்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க கவலப்படாதீங்க மாப்ள, உண்டான புள்ளைக்கு இதெல்லாம் உள்ளதுதான்" என்று தட்டிக்கொடுத்தார். நான் அன்று வீட்டுக்கு ஓட்டி வந்தபோது விசிலடித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சாயங்காலமே சரியாகிவிட்டாள். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னாள். நானே வைத்தேன். இரண்டு பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவள் விடவில்லை. அடுத்த மாதம் மறுபடி புறப்பட்டாள். அதுதான் கடைசி வாய்ப்பு, அதற்குப் பிறகு எட்டு பிறந்துவிடும். இந்தத் தடவை பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

"போன கெழம ஆஸ்பத்திரிக்கு பஸ்லதான போனேன். எனக்கு ஒண்ணுமே ஆகல. ஒங்க காருலதாங்க என்னமோ இருக்கு."

"வயித்துப் புள்ளையோட பஸ்ல இடிபட்டுக்கிட்டுப் போவியா? கார வீட்டுல வச்சுக்கிட்டு உன்னைய பஸ்ல அனுப்புனான்னு ஊரு என்னைய என்ன சொல்லும்?"

அவள் சிரித்தாள். "சரி சரி, ஒங்க காருலயே வர்றேன். இல்லாட்டி நாலு மாசத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க."

அன்றைக்கு டிக்கி வாசலில் இருந்த ரப்பர் பட்டியையும் கழற்றிவிட்டேன். கடைசித் தடவை என்பதால் தப்பக் கூடாது. மாமா நேராக ரயிலடிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். நல்ல மழை. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது, என்னுடையது மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் பின்சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டாள். தலவாக்கலைக்கு இரண்டு மைல் கட்டை இருக்கும்போது ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள். கார்களோ பஸ்ஸோ ஒன்றும் போக முடியவில்லை.

நான் இறங்கினேன். என்ஜினை நிறுத்தவில்லை. பேட்டரி பலவீனம், நிறுத்தினால் மழையில் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். வேலைக்காரர்களுக்கு மேலாளாக இருந்தவர் இராமையா என்பவர். முன்பு அப்பாவுக்குக் கீழே வேலை செய்தவர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சும்மா நிற்பதற்குப் பதிலாக நானும் ஒரு மண்வெட்டியைக் கையில் வாங்கினேன்.

"வேணாங்க கிளாக்கரய்யா. பேனா புடிக்கிற கையி, கொப்பளிச்சுப் போயிரும்."

"கொப்பளிச்சா நாளைக்கு லீவு போட்டுக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மழையில் நனைந்து மண் வெட்டி எவ்வளவு காலமாயிற்று. அப்பாவைப் பற்றி இராமையா பழைய கதையெல்லாம் சொன்னார். பாதி வேலையில் கீழே பள்ளத்தாக்கில் ரயில் கூவிக்கொண்டு போனது. தலைமன்னாருக்குப் போகிறவர்கள் ஏற வேண்டிய ரயில் அதுதான். மண் சரிந்ததால் அன்றைக்கு அவள் எப்படியும் போயிருக்க முடியாது. கீலே தேவைப்பட்டிருக்காது. அதைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆனால் மண் சரியும் என்று யாருக்குத் தெரியும்?

வழி திறந்ததும் கைகழுவிவிட்டு வந்து காரில் ஏறினேன். அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்து ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினேன், ரயிலடியில் அல்ல. அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவளைத் தூக்கியபோது உயிர் இல்லை. முகம் நன்றாக இருந்தது. கன்னம் சிவந்திருந்தது. மாமா ரயிலடியிலிருந்து ஓடி வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கர்ப்பிணிகளுக்கு வருகிற வலிப்பு என்று டாக்டர்கள் எழுதினார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

காரியம் முடிந்த மறு ஞாயிறு, கீலைத் திரும்பவும் முதல் ஜோடித் துளைக்கு மாற்றினேன். ரப்பர் பட்டியை ஒட்டினேன். மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. மஃறூப் நானாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் பின்சீட்டில் தைரியமாக உட்காரலாம். இதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எழுதிய வரைக்கும் சார்ஜன்ட் சொல்லக் கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் ஐயா இடையில் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவள் திரும்பி வர அனுமதி கிடைக்காது என்றுதான் இதைச் செய்தாயா என்றார். ஆம் என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் கொழும்பில் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அனுமதி கிடைத்திருந்தது. வளைகாப்புக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. நான்தான் போய் வாங்கி வந்தேன். அவள் நாலு மாதத்தில் வந்திருப்பாள். நாலு மாதம் காலையில் எழுந்து ஒரு கோப்பை மட்டும் கழுவ வேண்டியிருக்கும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது ஜோடித் துளையை நான் அதற்காகத்தான் போட்டேன். அளந்து, தெரிந்து போட்டேன். என் மனைவியையும் வயிற்றிலிருந்த பிள்ளையையும் நான் கொன்றேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்றால் அப்படியே எழுதுகிறேன்.

ஆனாலும் அவளைக் கொல்லும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவள் என்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

மரண விசாரணையில் அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "கொஞ்சம் தூங்குறேன்" என்று சொன்னதாகச் சொன்னேன். மாமா அதைத் துறையூருக்கு எழுதினார். மாமியாருக்கு அது ஆறுதலாக இருந்ததாம், பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. அது அவர்களுக்காகச் சொன்னது. அவள் தூங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. ரயில் கூவிப் போன பிறகு, மண்வெட்டியைக் கழுவ நான் காருக்குப் பக்கத்தில் இருந்த ஓடைக்கு வந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டினாள். கைப்பிடி உள்ளே சும்மா சுற்றுவது தெரிந்தது. மழைச் சத்தத்திலும் அவள் சொன்னது முழுதாகக் கேட்டது. அங்கே இராமையா என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் மண்தான் மிச்சம் இருந்தது, நான் திரும்பிப் போனேன்.

"நான் எங்கயும் போகலங்க. ஒங்களோடயே இருந்துர்றேன். இந்தக் கதவ மட்டும் தெறந்து விடுங்க."